பேர் போட்ட தாள்கள்

அறைக் கதவைத் திறந்ததுமே வினாகிரி வாடை மூக்கில் ஏறியது. அச்சாறுச் சாடி ஏதாவது உடைந்து கிடக்கிறதோ என்று தேடினேன். மேசைக்கடியில் இருந்த பிஸ்கட் டின்னிலிருந்துதான் வந்தது அந்த வாடை. உள்ளே பதினொரு மைக்ரோஃபில்ம் சுருள்கள். பழைய அசிட்டேட் சுருள்கள் ஈரக் காற்றில் சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். வினாகிரியில் இருப்பதும் அதே அமிலம்தான். ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும். டின்னை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு போய் வெளி விறாந்தையில் வைத்தேன். அந்த வீட்டில் நான் செய்த முதல் வேலை அது.

“அவர் இருந்தவரைக்கும் இந்த அறையைக் கூட்டுவதற்குக்கூட யாரையும் விடவில்லை, மகள்” என்றார் பேராசிரியரின் மனைவி. “ஒரு தாள் இடம் மாறினால் இரண்டு நாளைக்குப் பேச மாட்டார்.”

வீடு இலங்கையின் மலைநாட்டில், கெலிஓயாவில் இருக்கிறது. அட்டனிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டி இறங்கிவிடலாம். சனிக்கிழமைகளில் போகிறேன். மற்ற நாட்களில் ஒரு பாடசாலை நூலகம் என் பொறுப்பில் இருக்கிறது. பேராசிரியரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. குடும்பத்தின் விருப்பம் அது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பேராதனையில் படித்து, பொருளாதார வரலாறு கற்பித்தவர் என்பது மட்டும் போதும். தோட்டத் தொழிலாளியின் கூலியையும் அவர் சாப்பிட்ட அரிசியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு வாழ்நாளில் பாதியைச் செலவழித்தவர். அவர் காலமான பிறகு, தாள்களை ஒழுங்காகப் பட்டியலிட்டு ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவருடைய மனைவி முடிவெடுத்தார். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் என் அப்பா. கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் செக்ரோல் கிளாக்கராக, அதாவது தொழிலாளரின் வேலைநாள் பதிவேட்டை எழுதுபவராக, இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், “அந்த ஐயா நம் தோட்டத்துக்கும் வந்தாரே! நாலு நாள் ஆபீசில் உட்கார்ந்து எழுதினார். பிளேன்ரீ மட்டும்தான் குடிப்பார். ரெஜிஸ்டர்களை எடுத்துக் கொடுத்தவன் நான்தான்” என்றார். எழுபதுகளின் தொடக்கம் அது. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசிடம் கொண்டுவந்த காலம். கை மாறும்போது கணக்குப் புத்தகங்கள் காணாமல் போகும் என்று பேராசிரியர் பயந்திருக்க வேண்டும். தோட்டங்களை நிர்வகித்த துரைமாரிடம் கடிதம் கொடுத்து, அனுமதி கிடைத்த தோட்டங்களுக்கெல்லாம் போயிருக்கிறார்.

அவர் பயந்தது நடந்தது, ஆனால் பிந்தி நடந்தது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியபோது எனக்குப் பதினாறு வயது. எங்கள் ஆபீசின் பின்னறையில் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த பழைய ரெஜிஸ்டர்களை டிரக்டரில் ஏற்றி ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கொண்டுபோனார்கள். இரண்டு நாட்கள் ஸ்டோர் அடுப்பில் விறகோடு விறகாக எரிந்தன. சாம்பல் பறந்து வந்து எங்கள் துணிக்கொடியில் விழுந்தது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை. புத்தகம் எரிந்ததற்கு ஏன் சாப்பிடாமல் இருக்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பெட்டிகளுக்கு வருகிறேன். பாதித் தாள்கள் பழைய தேயிலைப் பெட்டிகளில்தான் இருந்தன. மெல்லிய ஒட்டுப் பலகை, ஓரத்தில் தகரப் பட்டி, உள்ளே பளபளக்கும் உலோகத் தாள். தேயிலையின் மணம் போகாமலும் ஈரம் ஏறாமலும் காத்த அந்தத் தாள் இந்தக் காகிதங்களையும் காத்திருக்கிறது. இரும்பு அலுமாரியில் இருந்த கோப்புகள்தான் மோசம். குண்டூசிகள் துருப்பிடித்து, தாளில் செங்கபிலப் புண்கள் விழுந்திருந்தன. றப்பர் பட்டைகள் உருகி ஒட்டியிருந்தன. சில போட்டோப் பிரதிகள் வெப்பத்தாளில் எடுத்தவை. அவற்றில் எழுத்து முழுவதும் மறைந்துவிட்டது. சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. அதே காலத்தில் பென்சிலால் கையெழுத்தில் பிரதி செய்த பக்கங்கள் நேற்று எழுதியவை போல இருக்கின்றன.

உள்ளே இருப்பவை எவை? காலனித்துவ அரசு ஆண்டுதோறும் வெளியிட்ட நீலப் புத்தகங்களிலிருந்து எடுத்த புள்ளிவிவரங்கள். தோட்டங்களின் பெயர், ஏக்கர், உரிமையாளர் என வரிசையாகத் தந்த பெர்குசன் டிரெக்டரியின் பக்கங்கள். 1854இல் கண்டியில் தொடங்கிய தோட்ட முதலாளிமார் சங்கத்தின் அறிக்கைகள். கண்டிக் கச்சேரி என்ற மாவட்ட அரசு அலுவலகத்தின் கடிதங்களிலிருந்து எடுத்த குறிப்புகள். 1908ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஆணைக்குழுவின் முன் சொல்லப்பட்ட சாட்சியங்கள். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியகல்வுச் சட்டத்தின் பின் கண்டியில் இருந்துகொண்டு இந்திய அரசின் ஏஜண்டுகள் எழுதிய ஆண்டறிக்கைகள். இவற்றில் பெரும்பாலானவற்றின் மூலம் கொழும்பிலோ லண்டனிலோ இருக்கும். பேராசிரியரின் பிரதி அழிந்தாலும் பெரிய நட்டமில்லை. சப்பாத்துப் பெட்டிகளில் இருந்த அட்டைகளும் கொப்பிகளும்தான் வேறெங்கும் இல்லாதவை.

முதல் நாள் அந்த அட்டைகளை ஆண்டுவாரியாக அடுக்கலாம் என்று நினைத்து ஒரு கட்டைப் பிரித்தும்விட்டேன். 1931ஆம் ஆண்டுக் கூலி அட்டைக்குப் பின்னால் 1897ஆம் ஆண்டு அரிசி விலை இருந்தது. அதற்குப் பின்னால் துண்டு முறை பற்றிய ஒரு சாட்சியம். குழம்பிப்போன கட்டு என்றுதான் நினைத்தேன். மூன்றையும் திரும்பத் திரும்ப வாசித்த பிறகு தெரிந்தது: அட்டைகள் ஒரு கேள்வியைச் சுற்றி அடுக்கப்பட்டிருந்தன. அரிசி விலை ஏறும்போது கூலி ஏறியதா, அல்லது கடன் ஏறியதா என்பதே அந்தக் கேள்வி. ஆண்டுவாரியாக அடுக்கியிருந்தால் அந்த மனிதர் யோசித்த வழி முழுவதும் கலைந்திருக்கும். வைத்த ஒழுங்கைக் கலைக்காதே என்பது சுவடிக்கூட வேலையின் முதல் பாடம். படித்திருந்தேன், அன்றுதான் அதன் பொருள் கைக்கு வந்தது.

துண்டு என்றால் என்ன என்று இளையவர்கள் கேட்கலாம். ஆட்களைத் திரட்டி மேய்த்த பெரிய கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர்கள் பேரில் இருக்கும் கடனைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று துரை ஒரு காகிதத் துண்டில் எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் கடனைக் கட்டும். ஆட்கள் மாறுவார்கள், கடன் அவர்கள் தலையிலேயே இருக்கும். சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் எதிர்த்துப் பேசினார்கள். 1921இல் சட்டத்தால் அது ஒழிந்தது. ‘தொகை கூடக் கூட மனிதன் நகர்வது குறைகிறது’ என்று பேராசிரியர் ஒரு அட்டையின் ஓரத்தில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறார்.

இன்னொரு கோப்பு மரணத்தைப் பற்றியது. 1840களில் எழுபதாயிரம் தொழிலாளர்கள் மாண்டார்கள் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் எழுதியது. மேடைகளில் நாம் பலமுறை கேட்ட எண் அது. பேராசிரியர் அதை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. துறைமுகத்தில் வந்திறங்கியவர் தொகை, திரும்பிப் போனவர் தொகை, தோட்டங்களில் தங்கியவர் தொகை, பதிவில் விழாமல் தோணி ஏறியவர்கள் என்று பக்கம் பக்கமாகக் கூட்டிக் கழித்திருக்கிறார். ஒரு பக்கத்தின் அடியில், ‘எண் குறைந்தால் துயரம் குறையாது. ஆனால் எண் சரியாக இருக்க வேண்டும்’ என்று இருந்தது. நான் அதை என் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பச்சை அட்டைக் கொப்பி. இலங்கையில் ரூபாவும் சதமும் கணக்குப் பணமானது 1872இல். அதற்கு முந்திய கூலியெல்லாம் ஷில்லிங், பென்ஸ். ஒரு ரூபாவுக்கு இரண்டு ஷில்லிங் என்று வைத்தால் எட்டுப் பென்ஸ் நாட்கூலி 33 சதமாகும். அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறார். பிறகு எல்லாவற்றையும் அரிசியாக மாற்றுகிறார். 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929 முதல் உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தோட்டம் கொடுத்த அரிசி புசல் 6 ரூபா 40 சதம். புசலுக்கு 32 சேர், ஆகவே ஒரு சேர் 20 சதம். ஆணின் ஒரு நாள் உழைப்பு இரண்டே முக்கால் சேர் அரிசியைக்கூட எட்டவில்லை. பெண்ணின் உழைப்பு இரண்டு சேரைச் சற்றுத் தாண்டுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் வந்து அந்தக் கூலியையும் குறைத்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வருவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் அம்மா கொழுந்தெடுத்த ஆண்டுகளில் பாதி, அந்தக் குறைந்த சம்பளத்தில் போனவை.

ஆனால் நாட்கூலி எவ்வளவு என்று தெரிந்தால் மட்டும் வீட்டுக்கு வந்தது எவ்வளவு என்று தெரியாது. மாதத்தில் எத்தனை பேர் விழுந்தது என்று தெரிய வேண்டும்.

பேர் என்ற சொல்லை வெளியில் இருப்பவர்களுக்கு விளக்கியாக வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். செக்ரோலில் உங்கள் பெயருக்கு நேரே அன்றைய கட்டத்தில் ஒரு கோடு போட்டால் உங்களுக்குப் பேர் விழுந்தது. கொழுந்து குறைந்தால், பாதியில் மலையை விட்டு இறங்கினால், அரைப்பேர். “இந்த மாசம் உனக்கு எத்தனை பேர்?” என்று கேட்டால் எத்தனை நாள் சம்பளம் என்று பொருள். மனிதரின் பெயரும் அவருடைய நாட்கூலியும் ஒரே சொல்லாகிப்போன இடம் அது. பேராசிரியருக்கு இந்தச் சொல் புதிது. தோட்டச் சொற்களுக்கென்று ஒரு சிறு கொப்பி வைத்திருந்தார்: பெரட்டு, காம்பரா, தொங்கல், கவ்வாத்து, கொந்தரப்பு, பிள்ளைக்காம்பரா என்று ஒவ்வொன்றாக விளக்கம். ‘பேர்’ என்ற சொல்லுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார்.

பதினேழாவது பெட்டியில் எங்கள் தோட்டம் வந்தது. 1931ஆம் ஆண்டுச் செக்ரோலிலிருந்து எடுத்த பிரதி. பதினொரு மாதங்களுக்குத் தொகை மட்டும்: ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், விழுந்த பேர், பிடித்த அரிசிக் காசு, அட்வான்ஸ், மிச்சம். பெப்ரவரிக்கு மட்டும் எல்லாப் பெயர்களும் இருந்தன. இருநூற்றுச் சொச்சம் பெயர்கள், பென்சிலில், சிறிய எழுத்தில், முப்பது கட்டங்களுக்கு மேல் கையால் கோடு இழுத்து. ஏன் அந்த ஒரு மாதம்? கடைசிப் பக்கத்தில் விடை இருந்தது. ‘அரைப்பேர் எல்லாப் பெண்களுக்கும் மாறி மாறி விழுகிறதா, சில பெண்களுக்கே திரும்பத் திரும்ப விழுகிறதா? கைக்குழந்தை உள்ளவர்களா?’ கீழே சில பதிவு எண்கள் மட்டும். முடிவு எழுதவில்லை. அச்சில் வந்த அவருடைய கட்டுரையிலும் இந்தக் கேள்வி இல்லை. பெண்களுக்கு ஒரு சராசரி, அவ்வளவுதான்.

அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். மாரியாயி என்ற பெயரில் ஏழு பெண்கள். கறுப்பாயி, ராமாயி, செல்லாயி. ஆண்களில் முனியாண்டியும் சுப்பனும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். யார் யாரென்று பிரித்தறிய எண் ஒன்றுதான் வழி. ஒரு மாரியாயிக்கு அந்த மாதம் பதினான்கு பேரும் ஆறு அரைப்பேரும். இன்னொரு மாரியாயிக்கு இருபத்திரண்டு. என் பாட்டியின் பெயர் இல்லை. அவர் பிறகுதான் அந்தத் தோட்டத்துக்கு வந்தவர் என்று அப்பா சொன்னார். எனக்கு அது ஏமாற்றமாக இல்லை. மூல ரெஜிஸ்டர் ஸ்டோர் அடுப்பில் போய்விட்டது. 1931ஆம் ஆண்டு எங்கள் தோட்டத்தில் யார் யார் மலைக்குப் போனார்கள் என்று சொல்ல உலகத்தில் இப்போது இந்த ஒன்பது தாள்கள்தான் இருக்கின்றன. ஒருவர் தன் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள எடுத்த பிரதியால் அவர்கள் தப்பித்தார்கள்.

பெயர் பதிவில் இருப்பது, இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரின் வழிவந்த நம்மவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், மணமானவரானால் ஏழு ஆண்டுகள், மற்றவரானால் பத்து ஆண்டுகள் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டியிருந்தது. வங்கிக் கணக்கா, காணி உறுதியா, எதைக் காட்டுவது? தோட்டத்துப் பதிவேடுதான் சாட்சி. இந்தியாவுக்குப் போய்த் திரும்பிய சில மாதங்கள், கட்டங்களில் கோடில்லாத சில வாரங்கள், ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கப் போதுமானவையாக இருந்தன. பிறகு 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அங்கேயும் ‘பேர்’தான். அந்த ரெஜிஸ்டர்கள் எரிந்த இரவில் அப்பா ஏன் சாப்பிடவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். விண்ணப்பக்காரர்களுக்காகப் பழைய செக்ரோல்களைப் புரட்டி எண்களைத் தேடிக் கொடுத்த கிளாக்கர்மாரின் கீழ் வேலை பழகியவர் அவர்.

இதை வாசிக்கும் மலையகத்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய சம்பளச் சீட்டு, பிரஜாவுரிமைக் கடிதம், கங்காணிக் கணக்குக் கொப்பி ஏதும் இருந்தால் தயவுசெய்து லெமினேட் செய்யாதீர்கள். பாதுகாப்பதாக நினைத்துத்தான் செய்கிறோம். அந்தச் சூடும் பசையும் தாளை என்றென்றைக்கும் பிடித்துக்கொள்ளும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம். கிழிந்தது கிழிந்தபடி ஒரு வெள்ளைத் தாளுக்குள் வையுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம் என்று உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்து லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீட்டில்) தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. ‘நூலகம்’ நிறுவனம் இத்தகைய ஆவணங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கிறது. தாளைக் கொடுக்க மனமில்லை என்றால் படத்தையாவது கொடுங்கள்.

பட்டியலை நான் தமிழிலும் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் மட்டும் போதும் என்று ஒருவர் சொன்னார். ஆய்வாளர்கள் ஆங்கிலம் வாசிப்பார்களாம். ஏழு மாரியாயிகளின் பேரப்பிள்ளைகளும் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பேராசிரியரின் மனைவி என் பக்கம் நின்றார்.

போன மாதம் எங்கள் தோட்டத்துப் பிரதியில் இன்னொரு தாள் கிடைத்தது. கணக்கப்பிள்ளை ஒருவரின் குறிப்புப் புத்தகத்திலிருந்து எடுத்தது. எந்த நாளில் எந்த மலையில் கொழுந்தெடுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. ஆனால் மலை என்று நாங்கள் சொல்லும் தேயிலைப் பகுதிகளுக்கு அதில் எண் இல்லை, தமிழ்ப் பெயர்தான்: கோயில் மலை, பாலத்து மலை, கித்துல் மலை, கருங்கல் மலை, கோப்பி மலை. ஏக்கருக்கு எத்தனை இறாத்தல் என்று கணக்கிட ஏக்கர் தெரிய வேண்டும். ஏக்கரோ தோட்ட வரைபடத்தில் எண்வாரியாக இருக்கிறது. எந்தப் பெயர் எந்த எண் என்று பேராசிரியருக்குத் தெரியவில்லை. ஐந்து பெயர்களுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். கோப்பி மலைக்கு மட்டும் இரண்டு கேள்விக்குறி. ‘1931இலும் கோப்பியா?’ என்று ஒரு குறிப்பு வேறு. கேள்வி நியாயமானதுதான். 1869இல் இலைத்துரு நோய் தெரியத் தொடங்கி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இந்த மலைகளில் கோப்பி அழிந்து தேயிலை ஏறிவிட்டது.

தாளைத் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். “ஐயா அன்றைக்கே என்னிடம் கேட்டிருக்கலாமே” என்றார். கலண்டரில் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கத்தில் முதலில் ஆற்றை வரைந்தார். பிறகு ரோட்டு. கோயில் மலை மூன்றாம் நம்பர். பாலத்து மலை நான்கும் ஐந்தும் சேர்ந்தது. நடுவில் காண் (வடிகால்) ஓடும். கித்துல் மலையில் அவர் காலத்தில் கித்துல் மரம் ஒன்றுதான் மிச்சமிருந்ததாம். கருங்கல் மலையை வரையும்போது பென்சிலை நிறுத்தி, அங்கே சறுக்கி விழுந்து கை முறிந்த ஒரு கொழுந்துக்காரியைப் பற்றி வெகுநேரம் சொன்னார்.

“கோப்பி மலை ஒன்பதாம் நம்பர். அங்கே கோப்பி ஒன்றும் இல்லை. அடிவாரத்தில் கோப்பி காயவைத்த தளம் ஒன்று கிடந்தது. நாங்கள் சின்ன வயதில் அதில் பந்து விளையாடுவோம்.”

அந்தக் கலண்டர் தாளைப் பேராசிரியரின் கோப்புக்குள் வைக்க முடியாது. அது அவர் சேர்த்த தாள் இல்லை. தனி உறை ஒன்று செய்து, அப்பாவின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதி, பதினேழாம் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பட்டியலில் இரண்டு இடத்திலும் ஒன்றையொன்று பார்க்கும்படி குறிப்பு எழுதியாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை பதினெட்டாம் பெட்டி. அது நோர்வூட்டுப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. அங்கே வேலை செய்த கணக்கப்பிள்ளை யாராவது இருக்கிறாரா என்று அப்பா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.